அர்பத்நாட் முதல் ஆருத்ரா வரை: நம்ம பணத்துக்கு யார்கிட்ட யோசனை கேட்டோம்?

இந்த எபிசோட் கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் எங்க வீட்டுக் கதை. ஆடியோவில் கேட்டவங்களுக்கு இது எழுத்து வடிவம். அங்கங்கே நான் உளறினதை மட்டும் வெட்டியிருக்கேன்.

வெள்ளானூர்ல எங்க வீட்டுப் பரண்ல ஒரு பிஸ்கட் டின் இருக்கு. பாட்டியோட டின். உள்ளே தாத்தாவோட பழைய ஐடி கார்டு, ரெண்டு பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ, ரப்பர் பேண்ட் போட்ட ஏழு ரசீது. ஒரு நிதி நிறுவனத்தோட டெபாசிட் ரசீதுகள். 1996, 1997-ல் போட்டது. கூட்டிப் பார்த்தா 1,40,000 ரூபாய். தாத்தா ஆவடி உடைத் தொழிற்சாலையில் 33 வருஷம் வேலை பார்த்து, 1995-ல் ரிட்டயர் ஆகும்போது கையில் வந்த பணத்தில் பெரும்பகுதி அது. கம்பெனி மூடின வருஷம்தான் நான் பிறந்தேன். பணம் திரும்பி வரவே இல்லை.

சின்ன வயசுல நான் பாட்டியைக் கேட்டிருக்கேன்: "ஏன் பாட்டி, தாத்தா இதுல போய்ப் போட்டாரு?" பாட்டி சொன்ன பதில் எப்பவும் ஒண்ணுதான். "தெரிஞ்சவரு சொன்னாருடா கண்ணு."

இந்த எபிசோடே அந்த ஒரு வரியைப் பத்தித்தான். நம்ம ஊர்ல, கடந்த நூத்தி இருபது வருஷமா, பணத்தை எங்கே வைக்கணும்னு நமக்குச் சொன்ன அந்த "தெரிஞ்சவர்" யாரு? அவருக்கு யார் சம்பளம் கொடுத்தாங்க?

1906: பீச் ஸ்டேஷன் பக்கத்துல ஒரு பூட்டின கதவு

ஆவடியில் லோக்கல் ட்ரெயின் ஏறி பீச் ஸ்டேஷன்ல இறங்கினா, எதிர்ல ராஜாஜி சாலை. பழைய பேரு ஃபர்ஸ்ட் லைன் பீச். அங்கேதான் அர்பத்நாட் அண்ட் கோ இருந்தது. நூறாண்டு பழைய பிரிட்டிஷ் நிறுவனம். வியாபாரமும் செய்தாங்க, மக்கள்கிட்ட டெபாசிட்டும் வாங்கினாங்க. மற்ற இடங்களைவிட வட்டி கொஞ்சம் கூட. மெட்ராஸ் ராஜதானியில் பென்ஷன் வாங்கினவங்க, கணவனை இழந்த பெண்கள், வக்கீல்கள், ஜமீன்தார்கள் எல்லாரும் அங்கே பணம் போட்டிருந்தாங்க. தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட், நகரத்தின் பெரிய மனிதர். அந்தப் பேரே போதும்னு மக்கள் நம்பினாங்க.

1906 அக்டோபர் 22-ம் தேதி நிறுவனம் திவால். லண்டன்ல இருந்த அதன் கூட்டாளி நிறுவனம் நம்ம ஊர் டெபாசிட் பணத்தையும் சேர்த்து ஊக வணிகத்தில் விட்டிருந்தது. டெபாசிட் போட்டவங்களுக்கு அது பத்தி எதுவும் தெரியாது. சர் ஜார்ஜ் மேல வழக்கு நடந்து 18 மாசம் கடுங்காவல் தண்டனை கிடைச்சது. பணம் போட்டவங்களுக்கு அதனால் என்ன ஆறுதல்?

இந்தக் கதையில் ஒரு நல்ல திருப்பமும் இருக்கு. கடன் கொடுத்தவங்க சார்பா வாதாடின வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர், இனி நம்ம பணத்துக்கு நம்ம வங்கி வேணும்னு முடிவு பண்ணினார். அப்படி வந்ததுதான் இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15-ல் தொழில் தொடங்கினாங்க. பின்னாடி அர்பத்நாட் இருந்த இடத்துக்கே இந்தியன் வங்கி குடிவந்தது.

ஒரு விஷயம் கவனிங்க. 1906 நெருக்கடிக்கு மெட்ராஸ் கண்டுபிடிச்ச தீர்வு, பணத்தை வைக்க ஒரு பாதுகாப்பான இடம். அது பெரிய சாதனை. ஆனா எவ்வளவு அங்கே வைக்கணும், எதுக்காக வைக்கணும், நான் செத்துட்டா வீட்ல என்ன ஆகும்னு கூட உட்கார்ந்து கணக்குப் போட ஒரு ஆள் வேணும்னு அப்போ யாருக்கும் தோணலை.

1955: ஆவடி மாநாடும் வாசல்ல வந்த ஏஜென்ட்டும்

நம்ம ஏரியாவுக்கு வருவோம். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது. நாடு "சோஷலிச பாணி சமுதாயம்" நோக்கிப் போகும்னு தீர்மானம் போட்டது இங்கேதான். பள்ளிக்கூடப் புத்தகத்துல ஒரு மார்க் கேள்வியா படிச்சிருப்பீங்க. ஆனா நம்ம அம்மா அப்பா பீரோவுல இருக்கிற பேப்பர்கள் எல்லாம் அந்தக் காலத்து முடிவுகளோட பிள்ளைகள்தான். அதே வருஷம் ஜூலையில் இம்பீரியல் வங்கி, ஸ்டேட் பேங்க் ஆனது. 1956 செப்டம்பர் 1-ல் 245 நிறுவனங்களைச் சேர்த்து எல்.ஐ.சி. உருவானது. 1959-ல் மவுண்ட் ரோட்ல 14 மாடிக் கட்டடத்தைத் திறந்தாங்க. 1964-ல் யூனிட் டிரஸ்ட் வந்தது.

இந்தப் பக்கம், 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, உடைத் தொழிற்சாலை, குவார்ட்டர்ஸ். மாசம் பிறந்தா சம்பளம் வர்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அந்தக் குடும்பங்களுக்கு நிதி ஆலோசகர் யாரு? மூணு பேர். எல்.ஐ.சி. ஏஜென்ட் மாமா. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. பணம் வாங்க மாசா மாசம் அட்டையோட வர்ற முகவர் அக்கா. மூணாவது, ஷிஃப்ட்ல பக்கத்து மெஷின்ல நிக்கிற நண்பர்.

இவங்களை நான் கிண்டல் பண்ண வரலை. அந்த அக்கா வாசல்ல வந்து நிக்கலைன்னா எங்க பாட்டி ஒரு ரூபாய் சேர்த்திருக்க மாட்டாங்க. தெருவுல ஒருத்தர் திடீர்னு இறந்தப்போ, ஏஜென்ட் மாமாதான் ஃபாரம் எழுதி, ஆபீஸுக்கு அலைஞ்சு கிளெய்ம் வாங்கிக் கொடுத்தார். அது உண்மையான சேவை.

ஆனா அவங்க வருமானம் எங்கிருந்து வந்தது? கமிஷன். ஆர்.டி. முகவருக்கு வசூலில் 4 சதவீதம். ஆயுள் காப்பீட்டுக்கு, சில வருஷம் முன்னாடி வரை விதி அனுமதிச்ச முதல் வருஷ கமிஷனின் உச்சவரம்பு பிரீமியத்தில் 35 சதவீதம். கம்மி பிரீமியத்தில் பெரிய கவரேஜ் கொடுக்கிற டேர்ம் பாலிசியை வித்தா ஏஜென்ட்டுக்கு ரூபாய் கணக்கில் கிடைக்கிறது கொஞ்சம். பிரீமியம் அதிகமான எண்டோவ்மென்ட் வித்தா நல்லா கிடைக்கும். அதனால நம்ம வீடுகள்ல நாலு எண்டோவ்மென்ட் பாலிசி இருக்கும், மொத்த கவரேஜ் நாலு லட்சத்தைத் தாண்டாது. ஏஜென்ட் கெட்டவர்னு அர்த்தம் இல்லை. அவருக்குக் கொடுத்த இன்சென்டிவ் அப்படி. எந்த மெட்ரிக்கை அளக்கிறமோ டீம் அதுக்குத்தான் வேலை பார்க்கும்னு சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லணுமா?

அரசு நிறுவனம்னா கண்ணை மூடிக்கலாமான்னா, அதுவும் இல்லை. 2001 ஜூலையில் யூனிட் டிரஸ்ட், தன்னோட மிகப் பிரபலமான யூ.எஸ்.64 திட்டத்தில் பணம் எடுக்கிறதை ஆறு மாசம் நிறுத்தி வைச்சது. ரிட்டயர்மென்ட் பணத்தை முழுசா அதுல வைச்சவங்க அந்த ஆறு மாசம் என்ன பண்ணியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

1990-கள்: தாத்தாவோட ஏழு ரசீது

தொண்ணூறுகளின் நடுவுல பேங்க் டெபாசிட்டுக்கே 12 சதவீதம் பக்கம் வட்டி. நிதி நிறுவனங்கள் 24 சதவீதம், அதுக்கும் மேலன்னு விளம்பரம் போட்டாங்க. சென்னையில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் போர்டு. தேக்கு மரத்துல முதலீடு பண்ணுங்கன்னு சொன்ன அனுபவ் குழுமம் 1998-ல் விழுந்தது ஊரறிஞ்ச கதை. ஒண்ணு விழுந்தா அடுத்ததுல க்யூ நிக்கும், அதுவும் விழும்.

இந்த அழிவுதான் தமிழ்நாட்டுக்கு ஒரு சட்டத்தைக் கொடுத்தது: 1997-ல் வந்த முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். ஏமாத்தின நிறுவனத்தோட சொத்தை முடக்கி, தனி நீதிமன்றம் மூலமா பணத்தைப் பிரிச்சுக் கொடுக்க வழி செய்த சட்டம். அது செல்லும்னு 2011-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. இன்னைக்குப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போடுற வழக்குகளுக்கு அதுதான் அடிப்படை.

ஆனா எல்லாச் சட்டமும் பணம் போன பிறகுதான் வேலை செய்யுது. பணம் போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், தாத்தா டீக்கடையில் உட்கார்ந்து "போடலாமா?"ன்னு கேட்டப்போ, எதிர்ல இருந்தவர் யாரு? அந்த நிறுவனத்துக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்தா கமிஷன் வாங்குற, அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பர். அவரும் தன் பணத்தை அங்கேயே போட்டிருந்தார். அவருக்கும் போச்சு. தாத்தா கடைசி வரை அவரைத் திட்டினதே இல்லை.

1969: சிகாகோவில் 13 பேர்

இப்போ நான் கொஞ்சம் தூரம் கூட்டிட்டுப் போறேன். இந்த "எதிர்ல உட்கார்றவர் யாரு" பிரச்சினை நம்ம ஊருக்கு மட்டுமானது இல்லை. அமெரிக்காவிலும் அறுபதுகளில் ஒருத்தர் வந்து இன்சூரன்ஸ் விப்பார், இன்னொருத்தர் மியூச்சுவல் ஃபண்ட் விப்பார். முழுக் குடும்பத்தோட கணக்கையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

1969 டிசம்பர் 12-ம் தேதி, சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையம் பக்கத்துல ஒரு ஹோட்டலில் 13 பேர் கூடினாங்க. கூட்டினவர் லோரன் டன்டன். வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த விற்பனைத் தொழிலிலேயே இருந்தவங்க. விக்கிறதையே வேலையா வைக்காம, டாக்டர், வக்கீல் மாதிரி இதை ஒரு படிச்ச தொழிலா மாத்தணும்னு பேசினாங்க. டென்வரில் ஒரு கல்லூரி ஆரம்பிச்சாங்க. 1973-ல் முதல் பேட்ச்சில் 42 பேர் பாஸ். அதுதான் சி.எஃப்.பி., அதாவது சான்றளிக்கப்பட்ட நிதித் திட்டமிடுநர். 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் அது வந்தது. முதலீடு, ஓய்வுக்காலம், வரி, காப்பீடு, உயில், வாரிசுன்னு எல்லாத்தையும் படிச்சு, பரீட்சை எழுதி, அனுபவமும் காட்டினாத்தான் அந்த மூணு எழுத்தைப் பேருக்குப் பின்னாடி போட முடியும்.

படிப்பு வந்தாச்சு. காசு யார் கொடுக்கிறாங்கங்கிற கேள்வி அப்படியே இருந்தது. அதை இந்தியாவில் செபி படிப்படியா தொட்டது. 2009 ஆகஸ்ட்டில், மியூச்சுவல் ஃபண்டில் நுழையும்போதே பிடிச்ச கட்டணத்தை எடுத்தாங்க. 2013 ஜனவரியில் ரெண்டு மாற்றம்: கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் வந்தது, முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளும் வந்தது. பதிவு செய்த ஆலோசகர், வாடிக்கையாளரோட நலனைத் தன் நலனுக்கு மேலே வைக்கணும்ங்கிறது அதோட அடிப்படை. 2020 திருத்தத்துல இன்னும் இறுக்கினாங்க: ஒரே குடும்பத்துக்கு ஆலோசனைக் கட்டணமும் வாங்கிட்டு, விற்பனைக் கமிஷனும் வாங்கக் கூடாது. கட்டணத்துக்கும் உச்சவரம்பு. இப்போ நிலையான கட்டணம்னா ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு அதிகபட்சம் 1,51,000 ரூபாய். அது உச்சவரம்பு மட்டும்தான். பெரும்பாலான நடுத்தரக் குடும்பங்கள் கொடுக்கிறது அதைவிட ரொம்பக் கம்மி.

2021: அப்பாவோட டர்ன்

எங்க அப்பா டாங்கித் தொழிற்சாலை. 2021 ஜூன் 30-ல் ரிட்டயர் ஆனார். தொழிற்சாலை கார்ப்பரேஷனா மாறினது அதே அக்டோபரில். மூணு மாசம் முன்னாடியே வெளியே வந்துட்டார். பழைய பென்ஷன் உண்டு. கிராஜுட்டி, பி.எஃப்., கம்யூட்டேஷன் எல்லாம் சேர்த்து 38 லட்சம் கைக்கு வந்தது.

அந்த நேரம் ஞாபகம் இருக்கா? கொரோனா. ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டி 4 சதவீதம். ஸ்டேட் பேங்க்ல நீண்டகால டெபாசிட்டுக்கே ஐந்தரை சதவீதம்கூட இல்லை. அப்பா சொன்னார், "பேங்க்ல போட்டா என்னடா வரும்? மாத்திரைக்குக்கூடப் பத்தாது." வாக்கிங் போற கிரவுண்ட்ல ஒருத்தர் ஒரு நிறுவனத்தைப் பத்திச் சொல்லியிருந்தார். மாசம் 10 சதவீதம். 20 லட்சம் போடலாம்னு அப்பா யோசிக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பதறிடுச்சு. நான் எக்செல் ஷீட் எடுத்துட்டு உட்கார்ந்தேன். மாசம் 10 சதவீதம்னா கூட்டு வட்டியில் ஒரு வருஷத்துல பணம் மூணு மடங்கு ஆகும்பா, உலகத்துல எந்த பிசினஸ் இப்படி ஓடும்னு கேட்டேன். அப்பா ஷீட்டைப் பார்க்கவே இல்லை. "நீ கம்ப்யூட்டர்ல பாக்குற. நான் வாங்கினவனை நேர்ல பாத்தேன்."

அப்பதான் ஆபீஸ்ல ஒரு சீனியர் ஒரு பிளானரைச் சொன்னார். சி.எஃப்.பி. முடிச்சவங்க, செபி பதிவும் இருக்கு. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் சின்ன ஆபீஸ். கட்டணம் 20,000 ரூபாய். அப்பா ஷாக். "பேசுறதுக்கு 20,000-மா?" கடைசியில் நான் கட்டறேன்னு சொன்னதால வந்தார்.

அந்த மேடம் அந்த நிறுவனத்தைப் பத்தி முதல்ல பேசவே இல்லை. "சார், வீட்டுக்கு மாசம் எவ்வளவு ஆகுது?"ன்னு கேட்டாங்க. அப்பா ஒரு தொகை சொன்னார். அம்மா திருத்தினாங்க. மளிகை, கேஸ், மருந்து, கல்யாணம் காது குத்துன்னு மொய், கோயில், வண்டி பெட்ரோல்னு ஒரு மணி நேரம் அதையே எழுதினோம். பென்ஷன் போக மாசம் 17,000 ரூபாய் குறையுது. அவ்வளவுதான். மேடம் பேப்பரை அப்பா பக்கம் திருப்பி வைச்சாங்க. "சார், உங்களுக்குத் தேவை 17,000. இதுக்கு 10 சதவீதம் தேவையே இல்லையே."

அப்பா ரொம்ப நேரம் பேசலை.

அந்த நாள்ல எனக்குப் புரிஞ்சது இதுதான். எவ்வளவு வரும்னு அப்பாகிட்ட நிறைய பேர் சொல்லியிருந்தாங்க, நான் உள்பட. எவ்வளவு வேணும்னு யாருமே கேட்டதில்லை. விக்கிறவங்களுக்கு அந்தக் கேள்வி தேவையில்லை. கேட்டா சில சமயம் வியாபாரமே நடக்காது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 15 லட்சம், அப்போ இருந்த பிரதமர் வய வந்தனா திட்டத்துல 15 லட்சம். ரெண்டுக்கும் அப்போ 7.4 சதவீதம். சேர்த்துப் பார்த்தா மாசத்துக்கு 18,500 ரூபாய். 3 லட்சம் அவசரத்துக்கு பேங்க்ல. மிச்சம் 5 லட்சம் பத்து வருஷம் கழிச்சு ஏறப்போற விலைவாசிக்கு, ஃபண்டுல. எல்லாம் சாதாரண விஷயம். எந்த ரகசியமும் இல்லை.

அடுத்து என் டர்ன். நான் என்னைப் பெரிய புத்திசாலின்னு நினைச்சிட்டிருந்தேன். பதினோரு எஸ்.ஐ.பி. "இதுல பாதிக்கு மேல ஒரே கம்பெனி ஷேர்களைத்தான் வைச்சிருக்கு தம்பி"ன்னாங்க. டேர்ம் இன்சூரன்ஸ் இல்லை. ஹெல்த் இன்சூரன்ஸ் ஆபீஸ் கொடுத்தது மட்டும், வேலை போனா அதுவும் போகும். பேங்க் அக்கவுன்ட்ல நாமினி காலி. சொந்தமா எழுதின கோடை யார்கிட்டயும் ரிவ்யூ வாங்காம நானே புரொடக்‌ஷன்ல தள்ளிட்டு இருந்திருக்கேன்.

வெள்ளானூர் மனை விஷயமும் வந்தது. நம்ம ஏரியா ஆளுங்களுக்குத் தெரியும், இங்கே பணம்னா மனைதான். அப்பா 2004-ல் வாங்கினது அப்ரூவல் இல்லாத லேஅவுட். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்ரூவல் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணத் தடை போட்டப்போ வீட்ல யாரும் தூங்கலை. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்து கட்டணம் கட்டி சரி பண்ணினோம். ஆனா பட்டா இன்னும் பழைய ஓனர் பேர்லயே இருக்குன்னு கண்டுபிடிச்சது இந்த மீட்டிங்லதான். உயிலும் எழுதலை. அதுக்கு ஒரு வக்கீல்கிட்ட போகச் சொன்னாங்க. தனக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லி வேற ஆள்கிட்ட அனுப்பினது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

அப்பா மறைச்ச 2 லட்சம்

இதோட கதை முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ரெண்டாவது மீட்டிங்ல அப்பா தலையைக் குனிஞ்சிட்டு சொன்னார்: "ஒரு 2 லட்சம் ஏற்கெனவே போட்டுட்டேன்மா." எங்க யாருக்கும் தெரியாது. ரிட்டயர்மென்ட்டுக்கு முன்னாடி தனியா சேர்த்து வைச்ச பணம்.

அஞ்சு மாசம் 20,000 ஒழுங்கா வந்தது. ஆறாவது மாசம் வரலை. போன் எடுக்கலை. ஆபீஸுக்குப் போனா கதவுல பூட்டு. ஒரு லட்சம் போச்சு. 20 லட்சம் போட்டிருந்தா 10 லட்சம் போயிருக்கும்.

அந்த நிறுவனம் பேப்பர்ல பெரிசா வரலை. வந்தது வேற ஒண்ணு: 2022-ல் ஆருத்ரா கோல்ட் வழக்கு. மாசம் 25 முதல் 30 சதவீதம் தர்றதா சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்ககிட்ட 2,438 கோடி ரூபாய் வாங்கினாங்கன்னு பொருளாதாரக் குற்றப்பிரிவு சொல்லுது. மாசம் 25 சதவீதத்தைக் கூட்டு வட்டியில் போட்டுப் பாருங்க. ஒரு லட்சம் ஒரு வருஷத்துல பதினாலரை லட்சம். மூணு வருஷத்துல 30 கோடி. இந்தக் கணக்கு நம்ம எல்லாருக்கும் போடத் தெரியும். ஆனா இந்த மாதிரி திட்டங்கள்ல போட்டவங்களை முட்டாள்னு சொல்ல எனக்கு மனசு வரலை. எங்க அப்பா பீரங்கி வண்டி எஞ்சினைக் கழட்டி மாட்டினவர். கணக்கு தெரியாதவர் இல்லை. பயம். பென்ஷன் பத்தாதுங்கிற பயம், பிள்ளைகிட்ட கை நீட்டக் கூடாதுங்கிற மானம். 1906-ல் ஃபர்ஸ்ட் லைன் பீச்சுல நின்ன பென்ஷன்தாரர்களுக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும்.

சரி, இது ஒர்த்தா?

நிறைய பேர் இன்பாக்ஸ்ல கேக்குற கேள்வி. நேர்மையா சொல்றேன்.

பிளானர் மந்திரவாதி இல்லை. எந்த ஷேர் ஏறும்னு அவங்களுக்கும் தெரியாது. தெரியும்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. அப்பாவோட அந்த ஒரு லட்சத்தை அவங்களால காப்பாத்த முடியலை. மறைச்ச விஷயத்துக்கு யாராலயும் பிளான் போட முடியாது. சம்பளம் இப்போதான் ஆரம்பிச்சிருக்கு, கடன் இல்லை, யாரும் உங்களை நம்பி இல்லைன்னா, ஒரு டேர்ம் பாலிசி, ஒரு ஹெல்த் பாலிசி, ஒரு இண்டெக்ஸ் ஃபண்டு, ஆறு மாசச் செலவு பேங்க்லன்னு நீங்களே ஆரம்பிச்சிடலாம்.

கல்யாணம், வீட்டுக்கடன், குழந்தை, பெத்தவங்க ரிட்டயர்மென்ட், இதுல ஒண்ணு வரும்போது கணக்கு மாறும். ரெகுலர் பிளானுக்கும் டைரக்ட் பிளானுக்கும் வருஷத்துக்கு 1 சதவீதம் வித்தியாசம்னு வைச்சுக்கோங்க. 25 லட்சம் இருந்தா அது 25,000 ரூபாய். ஒவ்வொரு வருஷமும் கண்ணுக்குத் தெரியாம போகுது. "இலவச ஆலோசனை"க்கு நாம கொடுக்கிற ஃபீஸ் அது. பில் வராததால வலிக்கலை, அவ்வளவுதான்.

போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு: சி.எஃப்.பி. என்பது படிப்பு, செபி பதிவு என்பது லைசென்ஸ். சி.எஃப்.பி. முடிச்ச சிலர் கமிஷன் வாங்குற விநியோகஸ்தரா இருக்காங்க. அது தப்பில்லை, ஆனா உங்களுக்குத் தெரியணும். ஆலோசகரோட பதிவு எண் ஐ.என்.ஏ.ன்னு ஆரம்பிக்கும். விநியோகஸ்தருக்கு இருக்கிறது ஏ.ஆர்.என். செபி வெப்சைட்ல ஐ.என்.ஏ. எண்ணைத் தேடி நீங்களே பாருங்க. பதிவு செய்த ஆலோசகர்கள் நாடு முழுக்கவே கம்மி, அதனால ஆன்லைன்ல பார்க்க வேண்டி வரலாம். ரெண்டு: "உங்களுக்கு யார் யார்கிட்ட இருந்து பணம் வருது?"ன்னு நேரா கேளுங்க. சங்கடப்பட்டா அதுவே பதில். மூணு: உங்க பணம் உங்க பேர்ல இருக்கிற அக்கவுன்ட்ல இருந்து நேரா திட்டத்துக்குத்தான் போகணும். ஆலோசகரோட அக்கவுன்ட்டுக்கு ஃபீஸ் தவிர ஒரு ரூபாய் போகக் கூடாது.

எபிசோடை முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. போன மாசம் அப்பா வாக்கிங் போயிட்டு வந்து சொன்னார். கிரவுண்ட்ல அவர் நண்பர் ஒருத்தருக்கு ரிட்டயர்மென்ட் பணம் வந்திருக்காம், எங்கே போடலாம்னு கேட்டாராம். அப்பா எந்தத் திட்டத்தோட பேரும் சொல்லலை. "முதல்ல வீட்டுக்காரம்மாவைப் பக்கத்துல உட்கார வைச்சு, மாசம் எவ்வளவு ஆகுதுன்னு எழுதுய்யா"ன்னு சொல்லியிருக்கார். அந்த ஏழு ரசீது இன்னும் டின்லதான் இருக்கு. தூக்கிப் போடலாமான்னு நான் கேட்டேன். "இருக்கட்டும்டா"ன்னார் அப்பா.

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ரசீது இருந்தா, அதோட கதையைப் பெரியவங்ககிட்ட கேளுங்க. கோவப்படாம கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.